பெல்ட் இறுகுவது எதனால்

மந்தாரக்குப்பம்

அன்புள்ள தம்பி,

சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பில் சேர்ந்த சூட்டோடு, "இங்க எதுக்கெடுத்தாலும் ரூல்தான் சித்தப்பா" என்று சலித்துக்கொண்டாய். போனில் பேசித் தீராத விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

கழித்துப் போட்ட பழைய பெல்ட்டில் ஒரு துண்டை மடக்கிப் பார். மேல் ரப்பர் பொடிப்பொடியாக வெடித்திருக்கும். மடக்கும் இடத்தில் வெடிப்பு வாய் பிளக்கும். பச்சை ரப்பர் சூட்டில் இளகி ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய பிறகுதான் அது உருப்பட்டது. ரப்பரின் நீண்ட இழைகளுக்குக் குறுக்கே கந்தகம் பாலம் போடுகிறது, வலுவே அதனால்தான். ஆனால் வருஷக்கணக்கில் சூடும் காற்றும் படும்போது, பல ரக ரப்பரில் மேலும் மேலும் பாலங்கள் விழுகின்றன. இழைகள் அசைய இடமில்லாமல் போகிறது.

உன் சித்தியின் தோளும் அப்படித்தான். ஜாக்கெட் மாட்டக் கை பின்னால் போகாமல் தவிக்கிறாள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுகுவது அதிகம். ரத்தத்தில் கூடிய சர்க்கரை கொலாஜன் நார்களைக் குறுக்கே பிணைப்பதும் ஒரு காரணம் என்கிறார்கள்.

விதிகளும் இப்படித்தான் சேர்கின்றன. ஏதாவது நடந்தால் ஒரு சர்க்குலர் வரும். அன்றைக்கு அது தேவையாகத்தான் இருந்திருக்கும். தேவை போன பிறகும் அதை எடுப்பார் இல்லை. காரணம் மறந்து கையெழுத்து மட்டும் மிஞ்சும்.

அதற்காக எல்லாவற்றையும் உதறிவிடாதே. பெல்ட்டை நிறுத்தி, பர்மிட் வாங்கி, அப்புறம்தான் கை வைக்க வேண்டும் என்பது உயிர் காக்கும் விதி. யார் அவசரப்படுத்தினாலும் அதில் இம்மியும் விட்டுக்கொடுக்காதே.

நம் சுரங்கம் வளர்ந்த கதையையும் மனதில் வை. ஜெர்மனியிலிருந்து வந்த சக்கர வெட்டு இயந்திரங்களின் பற்கள், கடலூர் மணற்கல்லில் மளமளவென்று தேய்ந்தன. வந்தபடியே ஓட்டுவோம் என்று யாரும் பிடிவாதம் பிடிக்கவில்லை. வெடி வைத்து மண்ணைத் தளர்த்திவிட்டு வெட்டினார்கள். பற்களையும் மாற்றிப் பார்த்தார்கள். அந்தச் சுரங்க ஊரில் பிறந்தவன் நீ.

ஒரே விவரத்தை மூன்று பதிவேட்டில் எழுதச் சொல்கிறார்கள் என்றாயே, அதிலிருந்து தொடங்கு. மீட்டிங்கில் கோபமாகக் கேட்காதே. டீ நேரத்தில் மூத்த டெக்னீஷியனிடம் உட்கார்ந்து, எது எதற்காக வந்தது என்று விசாரி. மூன்றில் ஒன்றையாவது இப்போது யார் புரட்டிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு எனக்கு எழுது. மேலே எப்படிக் கொண்டுபோவது என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
சித்தப்பா