புழக்கடைப் பப்பாளியும் மாவுப்பூச்சியும்

சிங்கப்பெருமாள் கோவிலில் நாம் குடியிருக்கும் வீட்டின் பின்னே மூன்று சென்ட் அளவில் ஒரு புழக்கடை உண்டு. பாடலாத்ரி நரசிம்மர் குடைவரையில் எழுந்தருளியிருக்கும் குன்றுக்கும் நம் புழக்கடை மண்ணுக்கும் உறவு நெருக்கம் போலும். ஓரடி தோண்டினாலே கடப்பாரை கல்லில் மோதும். ஆயினும் சாண எருவும் சமையலறை நீரும் இட்டு மூன்று பப்பாளி, நான்கு செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை, இரண்டு கத்தரிப் பாத்தி ஆகியவற்றை உண்டாக்கியுள்ளோம். சங்கங்களின் பேரேடுகளைப் பார்வையிடப் புறப்படுமுன் நாள்தோறும் ஒரு மணி நேரம் இங்கே கழியும். பேரேட்டிலும் சரி, இலையிலும் சரி, கோளாறு பெரும்பாலும் மறுபக்கத்தில்தான் இருக்கும் என்பது இரு தொழிலிலும் நாம் கண்டது.

கடந்த சித்திரையில் பப்பாளி இலையைத் திருப்பியபோது, பஞ்சைப் பிய்த்து ஒட்டினாற்போல் வெண்மை படர்ந்திருந்தது. பதற்றத்தில் கடைக்கு ஓடி வீரியமான பூச்சிமருந்து ஒன்றை வாங்கி, பத்து நாள் இடைவெளியில் இருமுறை தெளித்தோம். வெண்மை குறைவது போலத் தோன்றி, ஒரு மாதத்தில் முன்னிலும் பன்மடங்காயிற்று. இரண்டு மரங்கள் காயோடு வாடி நின்றன. அடுத்த வீட்டுப் பாட்டியார் அன்றாட பூஜைக்குப் பறிக்கும் செம்பருத்திக்கும் அது தாவியது. அவர் நம்மை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுவே நமக்குப் பெரும் வேதனையாயிற்று.

அவ்வாரம் பார்வையிடச் சென்ற சங்கத்தில், முன்பு மல்பெரி பயிரிட்ட அங்கத்தினர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். "மருந்தடித்தீர்களா, ஐயா? அப்படியானால் காவல்காரனை அல்லவா கொன்றுவிட்டீர்கள்!" என்றார். அவர் கூறியதன் பொருளை விளக்க இப்பூச்சியின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

பப்பாளி மாவுப்பூச்சியின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் ஆகும். நம் நாட்டில் இது முதன்முதலாக 2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி எனப் பலவற்றையும் பற்றியது. மல்பெரி இலை கெட்டால் பட்டுப்புழுவுக்கு உணவில்லை. புழு இன்றேல் நூலில்லை. ஆகவே இது விவசாயியின் வயலோடு முடியாது, நெசவாளியின் தறி வரை எட்டக்கூடிய துன்பமாகும். மருந்து தெளித்தோர்க்குச் செலவே மிஞ்சிற்று. பூச்சியின் மேலுள்ள மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடுவதில்லை.

பின்னர் 2010-இல் பெங்களூரிலுள்ள தேசியப் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தார் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தனர். அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்பதே பெரிதும் பயன்பட்டது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இக்குளவி இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே அதைத் தின்று தீர்க்க, பூச்சி பழுப்பேறி உப்பிய கூடாகும். அதில் வட்டத் துளையிட்டுப் புதுக் குளவி வெளிவரும். தமிழ்நாட்டில் விடப்பட்ட சில மாதங்களிலேயே இக்கொள்ளை பெரிதும் அடங்கிற்று. மெழுகில்லாத அக்குளவியே நம் மருந்தில் முதலில் மடிந்தது.

எனவே அங்கத்தினர்கள் மருந்தை எடுக்குமுன் இலையின் அடியை உற்று நோக்குக. பழுப்பேறிய கூடுகளும் துளைகளும் தென்பட்டால் அவ்விலைகளைச் செடியிலேயே விட்டுவிடுக. வெண்பூச்சி மட்டுமே மொய்த்த இலைகளைக் கிள்ளி எரித்துவிடலாம். சிறு செடியாயின் நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுதல் நன்று. எறும்பை மறவாதீர், பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக அது மாவுப்பூச்சிக்குக் காவல் நின்று குளவியை விரட்டும். அடிமரத்தைச் சுற்றிச் சாம்பல் தூவி வைத்தால் எறும்பு ஏறுவது குறையும். மழை பெய்தால் மீண்டும் தூவ வேண்டும். ஐயமுடையோர் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் இலையைக் காட்டிக் கேட்கலாம்.

நாம் மருந்தை நிறுத்தி ஏழு வாரமாயின. வாடிய இரு மரங்களையும் வெட்டிவிட்டோம். மூன்றாவதன் இலையடியில் சென்ற வெள்ளிக்கிழமை பதினோரு கூடுகளை எண்ணினோம். நான்கில் துளை இருந்தது. பாட்டியாரின் செம்பருத்தியில் மட்டும் எறும்பு இன்னும் ஏறுகிறது. நாளைக் காலை சாம்பலுடன் அங்கே செல்ல வேண்டும்.