தேயிலைத் தூரில் தேங்காய்

மாயக்கதை எழுதப் புறப்பட்டிருக்கும் தெமோதரைப் பிள்ளைகளே, உங்கள் கதைகளை வாசித்தேன். மந்திரவாதி இருக்கிறான், வாள் இருக்கிறது. அடிபட்டவன் வாயில் மட்டும் ஒரு நக்கலும் இல்லை. அதனால் நாலு வார்த்தை.

1. நமக்கு முதல் மாயக்கதை சொன்னவன் ஆள்கட்டிய கங்காணி. இலங்கையில் தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்றானாம். நம்பி வந்தவர்களுக்குக் கிடைத்தது குளிரும் அட்டைக்கடியும் தீராத கடனும். அந்தப் பொய்யை அவர்கள் மறக்கவில்லை. கவ்வாத்து மலையில் கை கிழிந்து ரத்தம் வரும்போது என் அப்பாயி, "இன்னும் கொஞ்சம் தோண்டு, மாசி வாசம் வருது" என்பார். பக்கத்து நிரைக்காரிகள் சிரித்துக்கொண்டே அடுத்த செடிக்குப் போவார்களாம். உங்கள் நாயகனும் முதலில் இப்படி எதையாவது நம்பி ஏமாறட்டும். வாயை அப்புறம் திறக்கலாம்.

2. நக்கல் மேலே பார்த்துப் போகவேண்டும்: துரைக்கு, கணக்கப்பிள்ளைக்கு, அரக்கனுக்கு. எளியவனைக் கேலி செய்கிறவன் வெறும் போக்கிரி. எப்படி என்று பார்க்க, சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டுப் பாடல்களைத் தேடி வாசியுங்கள்.

3. நம் தெமோதரை ஸ்டேசனையே பாருங்கள். ரயில் வளைந்து சுற்றிப்போய், அதே ஸ்டேசனுக்கு அடியில் இருக்கும் 42ஆம் சுரங்கத்துக்குள் நுழைகிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்துத்தான் எஞ்சினியருக்கு இந்த யோசனை வந்ததாம். 1924இல் பதுளை வரை ரயில் ஓடியது. தலைப்பாகைக் கதை நடந்ததோ இல்லையோ, அதைச் சொல்லி முடித்ததும் என் அப்பா கேட்பார்: "யோசனைக்கு அரைப்பேராவது போட்டானுகளா?" ராஜசபை வசனத்தில் இந்தக் குத்து வராது. உங்கள் ஆள் தினமும் எண்ணுகிற பேரிலும், அதாவது நாள்கூலியிலும், கொழுந்துக் கிலோவிலும் பேசட்டும்.

4. பேரன் கொடுத்து, ஜார்ஜ் மார்ட்டினின் 1996ஆம் வருடத்து நாவலைப் படித்தேன். டிரியன் என்ற குள்ளன் பிறர் ஏசும் சொல்லையே கவசமாகப் போட்டுக்கொள்கிறான். என் அப்பாயிக்கு அவனைப் பிடித்திருக்கும். ஆனால் அவனைப் பார்த்து எழுதாதீர்கள். நம் லயத்தில் அவனைவிட வாய்த்துடுக்கான கிழவிகள் இருக்கிறார்கள்.

5. எங்கே நிறுத்துவது என்பதுதான் கஷ்டம். காமன் கூத்தில் மதன் எரிந்ததும் ரதி ஒப்பாரி வைப்பாள். அதுவரை விடிய விடியச் சிரிக்க வைத்தவர்களும் அந்த நேரம் வாய் திறக்கமாட்டார்கள். வலி வருகிற இடத்திலெல்லாம் பகிடி விடுகிற நாயகனுக்கு வலிக்கவே இல்லை என்றுதான் வாசகன் நினைப்பான்.

அடுத்த மாசி மாதம் காமன் ஊன்றும்போது எழுதியதைக் கொண்டுவாருங்கள். சாயத்தண்ணி நான் தருகிறேன். சீனி நீங்கள் கொண்டுவாருங்கள், விலை தெரியும்தானே.