பழைய ஆர்எஸ் வாங்கலாமா?

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். 1977-ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நீண்ட பயணத்துக்கு நம்பி வாங்கலாமா?

பதில்: நல்ல வண்டியாக இருந்தால் தாராளமாக. 1976-இல் அறிமுகமான இந்த மாடலின் முன்கவசத்தை இத்தாலியில் பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து உருவாக்கினார்கள். ஆட்டோபானில் 130-இல் போனாலும் காற்று நெஞ்சில் அறையாது. கோடையில் அந்தக் கவசத்துக்குள் புழுங்கும். அது வேறு கதை!

980 சிசி பாக்ஸர் எஞ்சின். நின்றபடி ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் வண்டி ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும். பயப்பட வேண்டாம், அதன் சுபாவமே அப்படி. சிலிண்டர்கள் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் வால்வு இடைவெளியை வீட்டு வாசலிலேயே சரிசெய்துகொள்ளலாம். செயின் கிடையாது, ஷாஃப்ட்தான். ஆனால் கியர்பாக்ஸைப் பின்னுக்கு நகர்த்தி, கிளட்ச் பக்கத்து ஸ்ப்ளைன் பற்களுக்குக் கடைசியாக எப்போது கிரீஸ் வைத்தார்கள் என்று கேளுங்கள். விற்பவர் முழித்தால் பேரத்தில் கறாராக இருங்கள். சார்ஜ் ஆகாமல் படுத்தினால் முதல் சந்தேகம் டயோடு போர்டு மேல்.

30 வயது கடந்த வண்டி என்பதால், பழமை கெடாமல் இருந்தால் 'ஹெச்' எண் பலகை கிடைக்கும். வரி ஆண்டுக்குச் சுமார் 46 யூரோதான். கண்டதை மாற்றிப் பூட்டிய வண்டி என்றால் யோசியுங்கள்.