ஐரோப்பியப் பயணத்திற்கு எவற்றை எடுத்துச் செல்வது?

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்)

'ஆடையில்லாத மனிதன் அரை மனிதன்' என்பது பழமொழி. ஆடையின் அருமையை எங்கள் வட்டாரத்தாருக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. குண்டடத்திலிருந்து எங்கள் அக்காமார் பலர் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் தைத்து, செக்கிங் பார்த்து, அட்டைப்பெட்டிகளில் அடுக்கும் உடுப்புகள் ஐரோப்பிய நகரங்களுக்குப் போகின்றன. உடுப்பு போகும் ஊருக்கு ஒருநாள் நாமும் போக நேர்ந்தால் எவற்றை எடுத்துச் செல்வது? இதற்கு நாங்கள் தேர்ந்துகொண்ட பாடம், 1931-ஆம் ஆண்டு அண்ணல் காந்தியடிகள் மேற்கொண்ட இலண்டன் பயணமாகும்.

திரும்பி வந்த ஏழு பெட்டிகள்

இரண்டாம் வட்டமேசை மாநாட்டிற்கு அவர் செல்வது ஆகஸ்டு 27-இல்தான் சிம்லாவில் உறுதியாயிற்று. 29-ஆம் தேதி பம்பாயிலிருந்து 'ராஜபுதனா' கப்பல் புறப்பட்டது. இடையில் இருந்தவை இரண்டே நாட்கள். மகாதேவ தேசாய், பியாரேலால், மீராபென், தேவதாஸ் காந்தி ஆகியோர் உடன் சென்றனர். குளிர்நாடாயிற்றே என்று பெட்டி பெட்டியாகச் சாமான்கள் சேர்ந்துவிட்டன. கப்பலில் இதனைக் கண்ட காந்தியடிகள் மனம் வருந்தினார். ஏழைகளுக்காகப் பேசப் போகிறவர்கள் செல்வர்போல் பெட்டிகளுடன் போவது தகுமா என்று கடிந்துகொண்டார். ஏடன் துறைமுகத்திலிருந்து ஏழு பெட்டிகள் திருப்பி அனுப்பப்பட்டன!

செப்டம்பர் 11-இல் மார்சேல்ஸ் துறைமுகத்தில் சுங்க அதிகாரியிடம் அவர் சொன்ன உடைமைகள் ஆறு இராட்டைகள், சிறையில் உண்ட பாத்திரங்கள், ஒரு டப்பா ஆட்டுப்பால், ஆறு கதர் அரைத்துணிகள், துண்டுகள் ஆகியவையே.

குளிரும் பனியனும்

மறுநாள் மழையில் இலண்டனை அடைந்தார். ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த கிழக்குப் பகுதியில், மியூரியல் லெஸ்டர் அம்மையார் நடத்திய கிங்ஸ்லி ஹாலில் தங்கினார். 1921 செப்டம்பர் 22-இல் மதுரையில் ஏற்ற அரையாடையும், மேலே ஒரு சால்வையும், காலில் செருப்புமே அவருடைய உடை. சரியாகப் பத்தாண்டுகள் கழித்து, 1931 செப்டம்பர் 22-இல், அதே கோலத்தில்தான் நடிகர் சார்லி சாப்ளினைச் சந்தித்தார்.

அவரைப்போல் குளிரைத் தாங்க நம்மால் ஆகாது. செப்டம்பரில் இலண்டனில் பகல் வெப்பம் சுமார் 20 டிகிரி; இரவில் சுமார் 12 டிகிரி. அந்நாட்டுப் பகற்பொழுதே எங்கள் மார்கழி விடியற்காலை போன்றது எனலாம்.

பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னப்படுவது. கண்ணிகளுக்கிடையே காற்று தங்குகிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்று அறிவியலில் படித்திருக்கிறோம். ஆகவே கனமான ஒரு கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகளே சிறந்தவை. உள்ளே பனியன், அதன்மேல் கம்பளிச் சுவெட்டர், வெளியே மழையும் காற்றும் புகாத மேலங்கி. வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம். நனைந்த பருத்தி உலர நேரமாகும், உடற்சூட்டையும் குறைக்கும். ஆதலால் மாற்றுப் பனியனும் காலுறையும் கைப்பையிலேயே இருக்கட்டும். பழைய நகரங்களில் கல் பாவிய தெருக்கள் மிகுதி. புதுச் செருப்பு காலைக் கடிக்கும், பழகியதே நலம்.

தாள்களும் தின்பண்டமும்

பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளுக்கு ஷெங்கன் விசா வேண்டும். இலண்டனுக்குத் தனி விசா. ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். புறப்பட 15 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் காலம் கடந்துவிடும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு தேவை. பாஸ்போர்ட், அந்நாடுகளை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதங்கள் செல்லத்தக்கதாக இருக்கவேண்டும். இந்தியாவிலிருந்து இறைச்சி, பால் பொருள்களைக் கொண்டுசெல்லத் தடையுண்டு. அம்மா ஆசையோடு கட்டித்தரும் பால்கோவாவை விமான நிலையம் செல்லுமுன்பே தின்று தீர்த்துவிட வேண்டியதுதான்! காந்தியடிகளின் ஆட்டுப்பாலும் இன்று சுங்கத்தைத் தாண்டாது.

ஆடை பேசிய பேச்சு

அம்மாத இறுதியில் அவர் லங்காஷயர் பகுதியிலுள்ள டார்வன் நகருக்குச் சென்றார். இந்தியர் அந்நியத் துணியை விலக்கியதும் அங்கே ஆலைகள் முடங்க ஒரு காரணம். வேலையிழந்தோர் அவரை வெறுத்திருக்கலாம். ஆனால் அன்புடனேயே வரவேற்றனர். ஆலைப் பெண்கள் மகிழ்ச்சியோடு அவரைச் சூழ்ந்து நிற்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. எங்கள் நாட்டுக் கிராமத்தார் உங்களைவிட வறியவர் என்று அவர்களிடம் விளக்கினார். அந்த ஏழு பெட்டிகளும் உடன் வந்திருந்தால் அச்சொல்லை யார் நம்பியிருப்பார்?

டிசம்பர் 28-இல் அவர் பம்பாய் திரும்பினார். இரு வாரங்களில், 1932 சனவரி 11-இல், கொடியேந்திச் சென்று அடிபட்ட திருப்பூர்க் குமரன் உயிர் நீத்தார். அன்று லங்காஷயர் நமக்குத் துணி விற்றது. இன்று நம் அக்காமார் தைத்ததை ஐரோப்பியர் உடுத்துகின்றனர். அங்கே கடையில் ஒரு பனியனை எடுத்துப் பார்க்கும்போது அதைத் தைத்த கையையும் நினைப்போமாக.

தோழியரே, எதற்காகப் போகிறோம் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அதற்குத் தேவையானவற்றை மட்டும் அடுக்குங்கள். பின்பு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் பாதியை வெளியே எடுத்துவிடுங்கள். ஏடன் வரை காத்திருக்க வேண்டாம்!