ஜிப்ஸியை உயர்த்த லாரிப் பட்டை போடலாமா?

கேள்வி: ஐயா, நூம்பலில் வசிக்கிறேன், வயது 28. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். மாமா வைத்திருந்த 1999 மாடல் மாருதி ஜிப்ஸி இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. நண்பர்களோடு சேர்ந்து மணலிலும் கரட்டு நிலத்திலும் ஓட்ட ஆசை. வண்டியை மூன்று அங்குலம் உயர்த்த வேண்டும். ரெடிமேட் கிட் விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் 200 ஆம்ப் வெல்டிங் மெஷின், பெஞ்ச் டிரில்லிங், கிரைண்டர் எல்லாம் இருக்கின்றன. புதுப்பேட்டையில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை வாங்கி வந்து அறுத்து, ஒவ்வொரு ஸ்பிரிங் கட்டிலும் ஒன்று சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். முன்பக்க ஷேக்கிளை நீளமாக நானே செய்து போடலாமா? நைலான் புஷ் கடைந்துகொள்ளலாமா? அம்மா பயப்படுகிறார். உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் கிரைண்டரைக் கையில் எடுப்பேன்.
— ஒரு வாசகர், நூம்பல்

பதில்: தம்பி, கிரைண்டரை எடுக்கும் முன் கேட்டீர்களே, அதற்கே முதலில் நன்றி. லாரிப் பட்டை வேண்டவே வேண்டாம். ஷேக்கிள் செய்யலாம், ஆனால் நீங்கள் நினைக்கும் நீளத்தில் அல்ல. புஷ் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கெல்லாம் முன்னால், மூன்று அங்குலம் எதற்கு என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்டில் வண்டி சிக்குவது பெரும்பாலும் ஆக்சிலின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் கல்லில் தட்டும்போது. ஜிப்ஸியில் முன்னும் பின்னும் முழு ஆக்சில், நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். இந்த அமைப்பில் ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் மேலே போவது பாடியும் சேஸிஸும்தான். ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஹவுசிங்குக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி டயரின் ஆரத்தைப் பொறுத்தது. டயரின் விட்டம் 50 மில்லிமீட்டர் கூடினால் அந்த இடைவெளி 25 மில்லிமீட்டர் கூடும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கை உயர்த்துவதால் கிடைப்பது பெரிய டயருக்கு இடமும், மேட்டில் ஏறும்போது பம்பர் இடிக்காத கோணமும். அவையும் தேவைதான். ஆனால் அதற்காக மணலில் வண்டியை இழுத்துச் செல்லும் குணத்தையே பறிகொடுக்கக் கூடாது.

அது என்ன குணம்? நான்கு சக்கரமும் தரையை விடாமல் இருப்பது. ஜிப்ஸியின் டிஃபரன்ஷியல் சாதாரண வகை. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் சக்தி முழுக்க அதற்கே போய் வீணாகச் சுழலும், தரையில் நிற்கும் ஜோடிச் சக்கரம் சும்மா இருக்கும். ஆகவே ஒரு பக்கம் கல்லில் ஏறும்போது மறுபக்கச் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கிப் போக வேண்டும். அப்படி இறங்கவிடுவது ஸ்பிரிங்கின் மென்மைதான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. லேத்தில் வேலை செய்பவர் நீங்கள், எண்கள் உங்களுக்குப் பயமில்லை. பட்டை ஸ்பிரிங்கின் விறைப்பு, பட்டைகளின் எண்ணிக்கைக்கும் அகலத்துக்கும் நேர் விகிதத்தில் கூடும். ஆனால் தடிப்பின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும், நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். 900 மில்லிமீட்டர் நீளம், 50 அகலம், 6 தடிப்பில் நான்கு பட்டை உள்ள ஒரு கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இது உங்கள் வண்டியின் அளவு அல்ல, கணக்குக்காகச் சொல்கிறேன். அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்க ஏறக்குறைய 3.3 கிலோ எடை வேண்டும். ஒரு மூலையில் 200 கிலோ உட்கார்ந்தால் 60 மில்லிமீட்டர் அமுங்கும். இப்போது அதே நீள அகலத்தில் 12 மில்லிமீட்டர் தடிப்பு லாரிப் பட்டை ஒன்றைச் சேருங்கள். தடிப்பு இரண்டு மடங்கு என்றால் விறைப்பு எட்டு மடங்கு. அந்த ஒரே பட்டை எட்டுப் பட்டைக்குச் சமம். நான்காக இருந்த கட்டு பன்னிரண்டின் விறைப்புக்குப் போய்விட்டது. அதே 200 கிலோவுக்கு இனி 20 மில்லிமீட்டர்தான் அமுங்கும்.

சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் விரிவது, முன்பு அமுங்கியிருந்த அந்தத் தூரம்தான். 60 இருந்த இடத்தில் இனி 20. வண்டி உயரமாக நிற்கும், பார்க்கவும் மிடுக்காக இருக்கும், முதல் குழியிலேயே ஒரு சக்கரம் காற்றில் நிற்கும். தாரில் ஓட்டினால் ஒவ்வொரு வேகத்தடையும் முதுகில் இறங்கும். தேவை என்றால், இருக்கும் அதே தடிப்பில் இன்னொரு பட்டை சேர்ப்பது வேறு விஷயம். நான்கு ஐந்தாகும், விறைப்பு கால் பங்கு கூடும், கூடுதல் சாமான் ஏற்றுபவருக்கு அது நியாயமான மாற்றம். தடிப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். 6-ஐ 7 ஆக்கினாலே விறைப்பு 59 சதவீதம் கூடிவிடும்.

லாரிப் பட்டையை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. பட்டை இரும்பு சாதா இரும்பு அல்ல. ஏறத்தாழ அரை சதவீதத்துக்கு மேல் கார்பனும், அதோடு சிலிக்கானும் சேர்ந்த எஃகு. சுமார் 900 டிகிரியில் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, பிறகு 450 முதல் 500 டிகிரியில் பதம் இறக்கித்தான் அதற்கு அந்த வளையும் குணம் வருகிறது. கேஸ் கட்டிங்கில் அறுத்தால், வெல்டிங் பொறி பட்டால், கிரைண்டரில் நீலம் பாய்ந்தால், அந்த இடத்தில் பதம் கெட்டது. வெல்டிங்குக்கு ஒட்டிய விளிம்பு கண்ணாடிபோல் உடையும் தன்மைக்கு மாறிவிடும். இளைஞனாக இருந்தபோது, உடைந்த மெயின் பட்டையை வெல்டிங் வைத்துத் தந்த ஒரு பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துப் போனேன். மூன்றாம் நாள் ஒரு வளைவில் பிரேக் பிடித்தபோது, வெல்டிங்குக்கு ஒரு விரல் தள்ளி அது படீரென்று துண்டானது. ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் போய், ஸ்டீயரிங் கைக்குள் அடங்கவில்லை. வேகம் குறைவாக இருந்ததால் இன்று உங்களுக்கு எழுதுகிறேன். அன்று முதல் பட்டையில் வெல்டிங் என்ற பேச்சுக்கே நான் இடம் தருவதில்லை.

ஸ்பிரிங்கின் ஆயுள் அதன் தோலில் இருக்கிறது. உங்களுக்கு அருகிலேயே ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாரான டி-72 டாங்கி 40 டன்னுக்கு மேல் கனம். அதன் சக்கரங்களைத் தாங்குவது முறுகிக்கொடுக்கும் எஃகுத் தண்டுகள், டார்ஷன் பார். அவ்வளவு பெரிய தண்டிலும் விரிசல் தொடங்க மேற்பரப்பில் ஒரு கீறல் போதும். உங்கள் பட்டையில் உளி அடையாளமோ கிரைண்டர் கோடோ விழுந்தால் அதே கதைதான். பட்டையின் வளைவு படுத்திருந்தால் சுத்தியலால் அடித்து நிமிர்த்துபவர்கள் உண்டு. சூடு பதம் இல்லாமல் அடித்து எழுப்பிய வளைவு மெல்ல மெல்லப் படுத்துவிடும். வெப்பப் பதம் செய்யும் உலை உள்ள ஸ்பிரிங் பட்டறையில் புதுக் கட்டாகவே வாங்குங்கள். என்ன எஃகு என்று கேளுங்கள், கடினத்தன்மை என்ன என்று கேளுங்கள். ராக்வெல் சி அளவில் 40-க்கும் 47-க்கும் நடுவே சொன்னால் சரி. கேள்வியே புரியவில்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

இனி ஷேக்கிள், அதாவது கட்டின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் துண்டு. இதில் உங்கள் கைத்திறனுக்கு வேலை இருக்கிறது, ஆனால் வடிவியலைப் புரிந்துகொண்டு இறங்க வேண்டும். ஷேக்கிள் கட்டின் ஒரு முனையில்தான் இருப்பதால், அதை 25 மில்லிமீட்டர் நீட்டினால் ஆக்சில் மேல் வண்டி எழுவது பாதி, 12.5 மில்லிமீட்டர்தான். உங்கள் மூன்று அங்குலத்தை, அதாவது ஏறக்குறைய 75 மில்லிமீட்டரை, ஷேக்கிளால் மட்டுமே எட்ட 150 மில்லிமீட்டர் நீட்ட வேண்டும். ஜிப்ஸியின் முன்கட்டில் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது. அந்த முனை 150 மில்லிமீட்டர் இறங்கினால், 900 மில்லிமீட்டர் கட்டு ஒன்பது டிகிரிக்கு மேல் முன்னால் சாயும், ஆக்சிலும் சேர்ந்து சாயும். ஸ்டீயரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவரும் காஸ்டர் கோணமோ இதுபோன்ற வண்டிகளில் வெறும் சில டிகிரிதான். அது அழிந்து எதிர்ப்பக்கம் போய்விடும். வண்டி நேரே போகாது, கையை எடுத்தால் அலையும். 25 மில்லிமீட்டர் நீட்டினாலே ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல் போய்விடுகிறது. இந்த அளவுக்கு மேல் நான் அனுமதிக்க மாட்டேன், அதுவும் சாலைக்கு வராத வண்டிக்குத்தான்.

செய்யும் விதம்: 10 மில்லிமீட்டர் தடிப்பு மைல்டு ஸ்டீல் தகடு. வெட்டுவதற்கு அம்பத்தூரில் லேசர் கடைக்குப் போங்கள், கேஸ் கட்டிங் வேண்டாம். துளையை டிரில்லில் போட்டு ரீமர் பண்ணுங்கள். துளை மையத்திலிருந்து விளிம்பு வரை துளை விட்டத்தின் ஒன்றரை மடங்காவது இரும்பு இருக்கட்டும். இரண்டு தகடுகளையும் நடுவே ஒரு குழாயால் இணைத்து எச் வடிவமாக்குங்கள். தனித்தனித் தகடுகள் வளைவுகளில் பக்கவாட்டில் சாய்ந்துகொள்ளும். போல்ட் 10.9 தரம், மரை இல்லாத பகுதிதான் தகட்டுக்குள் உட்கார வேண்டும். யு-போல்ட்டைக் கழற்றினால் பழையதைத் திரும்பப் போடாதீர்கள், ஒருமுறை இழுபட்டது இழுபட்டதுதான்.

உங்கள் வெல்டிங்கை நீங்களே முதலில் உடைத்துப் பாருங்கள். அதே தகட்டில் இரண்டு துண்டுகளை டி வடிவில் ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் வைத்து, வைஸில் மாட்டி, சுத்தியலால் மடக்கி உடையுங்கள். உடைந்த முகத்தில் ஓட்டைகளோ ஸ்லாக்கோ தெரிந்தால், வெல்டிங் அடிவரை இறங்காமல் மேலே ஒட்டியிருந்தால், அந்தக் கையோடு வண்டியைத் தொட வேண்டாம். 7018 வெல்டிங் ராடு ஈரத்தை உறிஞ்சும், சென்னைக் காற்றில் திறந்த டப்பா ஒரு பகலிலேயே கெட்டுவிடும். 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் காயவைத்தே பயன்படுத்துங்கள். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாயைத் தகர ஷெட்டுக்குள் வெல்டிங் வைக்காதீர்கள், அந்தப் புகை காய்ச்சலைக் கொடுக்கும். சேஸிஸில் குறுக்கே வெல்டிங் போடவே கூடாது. பிராக்கெட் தேவைப்பட்டால் தகடு வைத்து போல்ட்டால் பூட்டுங்கள். ஜாக்கில் மட்டும் நிறுத்திய வண்டிக்கடியில் படுக்கவே கூடாது, நல்ல ஸ்டாண்டு இரண்டு வாங்குங்கள். அம்மாவின் பயம் பாதிக்கு மேல் அதிலேயே தீரும்.

நைலான் புஷ் கடைவது சுலபம், ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ரப்பர் புஷ் முறுகிக்கொடுப்பதால்தான் ஆக்சில் ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் இறங்க முடிகிறது. நைலான் அந்த முறுக்கை மறுக்கும், சுமையைப் பட்டையின் கண்ணுக்குள் ஏற்றும். உங்கள் தேவைக்கு நல்ல ரப்பர் புஷ்ஷே போதும். உள் ஸ்லீவைக் கடைந்துகொள்ளுங்கள்.

உயர்த்தியதும் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. ஆக்சில் முழுவதும் தொங்கும் நிலையில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்து, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று கவனியுங்கள். இழுபட்டால் சரியான நீள ஹோஸ் வாங்க வேண்டும், அதை வீட்டில் செய்யக் கூடாது. ஷாக் அப்சார்பர், பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன் முட்டக் கூடாது, ஆக்சில் தொங்கும் பாரத்தைத் தாங்கும் கயிறாகவும் இருக்கக் கூடாது. புரொப்பெல்லர் ஷாஃப்டின் நழுவும் மூட்டில் பற்கள் போதிய அளவு உள்ளே இருக்கின்றனவா என்று அந்தத் தொங்கும் நிலையிலேயே அளந்துகொள்ளுங்கள்.

சட்டத்தைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குத் துரோகம் செய்ததாகும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் தந்த அசல் விவரத்திலிருந்து விலகும் மாற்றத்தை அனுமதிப்பதில்லை. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, உரிமையாளர் செய்த அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் வரும் சிக்கல் இதைவிடப் பெரிது. ஆகவே உயர்த்திய ஜிப்ஸி சாலையில் ஓடக் கூடாது. ட்ரக்கில் ஏற்றித்தான் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதைச் செய்ய மனமில்லை என்றால், அசல் உயரத்திலேயே வைத்துக்கொண்டு நன்றாக ஓட்டலாம். அசல் அளவில் புதுக் கட்டு, புது ரப்பர் புஷ், நல்ல ஷாக், அசல் நீளத்தில் நீங்களே செய்த உறுதியான ஷேக்கிள். மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 15 பி.எஸ்.ஐ. வரை இறக்கி, தாருக்கு வரும் முன் மறுபடி ஏற்றுங்கள். மணலில் பலரைக் காப்பாற்றுவது இதுதான், உயரம் அல்ல.

உருவாக்கும் ஆசைதான் உங்களை உந்துகிறது என்றால், இன்னொரு வாசலும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்.ஏ.இ. இந்தியா 2007 முதல் நடத்தும் பாஹா போட்டிக்காகக் கல்லூரி மாணவர்கள் தங்கள் கையால் முழு வண்டியும் கட்டுகிறார்கள். உங்கள் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் அணிகள் இருந்தால் போய்ப் பேசிப் பாருங்கள். லேத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு உண்டு, பதிவு எண் தேவைப்படாத வண்டியில் உங்கள் கணக்கைச் சோதித்தும் பார்க்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு கட்டின் பட்டை எண்ணிக்கை, தடிப்பு, அகலம், கண்ணிலிருந்து கண் வரை நீளம் நான்கையும் அளந்துகொள்ளுங்கள், தடிப்பையும் அகலத்தையும் வெர்னியரால். பிறகு முன்னிடது சக்கரத்தின் கீழ் மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, அதே பக்கப் பின்னிடது சக்கரம் கனம் இழந்து சும்மா சுழலும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்று சக்கரத்துக்கும் அடை வையுங்கள், வண்டிக்குக் கீழே யாரும் வேண்டாம். அந்த எண்களை எழுதி அனுப்புங்கள், கட்டு மாற்ற வேண்டுமா என்று கணக்குப் போட்டு எழுதுகிறேன்.