90-க்கு 90 தானே தம்பி?

போன லீவுல சித்தப்பா லாரியோட பின் ஆக்சில் ஹவுசிங்கைப் பிரிச்சாங்க. கிரவுன் பல் பூரா கீறல். கியர்பாக்ஸுக்கு வாங்கி மிச்சமிருந்த 90 ஆயிலை டிரைவர் அண்ணன் இதிலயும் ஊத்தியிருக்கார். "90-க்கு 90 தானே தம்பி?"னு கேட்டார். நாலாவது வருஷம் மெக்கானிக்கல் படிக்கிற எனக்குப் பதில் வரல.

அப்புறம்தான் படிச்சேன். 90 என்பது ஆயிலின் கெட்டித்தன்மை மட்டும்தான். கேனில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று போட்டிருக்கும். அதுதான் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று சொல்வது.

சித்தப்பா லாரியில் இருப்பது ஹைப்பாய்டு கியர். பினியனின் அச்சு கிரவுனின் நடுவுக்கு நேராக இல்லாமல் விலகி இருக்கும். அதனால் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று நீளவாக்கில் வழுக்கும். லோடோடு மேடு ஏறும்போது ஆயில் படலம் கிழிந்து இரும்பும் இரும்பும் உரசும். அந்தச் சூட்டில் ஆயிலில் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் பல்லின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து காப்பாத்தும். ஜிஎல்-4-ல் இவை ஏறக்குறைய பாதிதான்.

அப்போ எல்லாத்துக்கும் ஜிஎல்-5 ஊத்திடலாமா? அதுவும் வம்புதான். கியர்பாக்ஸில் பித்தளை சின்க்ரோனைசர் வளையம் இருந்தால் சில ஜிஎல்-5 ஆயில்கள் அதை அரிச்சிடும்.

80டபிள்யூ-90-ஆ, 85டபிள்யூ-140-ஆ என்பதற்கு வண்டி மேனுவலைப் பாருங்க. வெயிலுக்கும் அதிக லோடுக்கும் 140 தாங்கும், ஆனா கெட்டியான ஆயிலைக் கடையறதுக்கே கொஞ்சம் டீசல் போகும்.

இப்போ அந்த ஹவுசிங் மேல வெள்ளை பெயிண்ட்ல 'ஜிஎல்-5'னு இருக்கு. எழுதினது டிரைவர் அண்ணன்தான்.