ஒரு மீற்றரா, இரண்டா?

மலிவான மின்சாரக் கம்பனிக்கு மாறலாமா? இங்கிலாந்தில் மாறலாம், தெல்தோட்டையில் முடியாது. இலங்கையில் ஒரு பகுதிக்கு ஒரே விநியோகஸ்தர். கட்டணத்துக்கு அனுமதி கொடுப்பது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. ஆனால் மீற்றர் விடயத்தில் உங்களுக்குத் தெரிவு உண்டு.

இடம்பெயர்ந்து உறவினர் வளவில் குடியிருப்போர் அநேகமாக அவர்களது மீற்றரிலிருந்தே வயர் இழுக்கிறார்கள். 2025 ஜூன் மாதக் கட்டணப் பட்டியலின்படி, மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால், தாண்டிய அலகுகளுக்கு மட்டுமல்ல, முதலாவது அலகிலிருந்தே கூடிய வீதம். ஆளுக்கு 45 அலகு பாவிக்கும் இரு குடும்பங்கள் ஒரே மீற்றரில் 90 அலகுக்காரராகிவிடுகிறார்கள். தனித்தனி மீற்றர் இருந்தால் இருவருமே 60இற்குள். (பில்லால் வரும் மனஸ்தாபமும் குறையும்.)

புது இணைப்புக்குப் பணம் கட்டவேண்டும். நீண்டகாலம் தங்குவோருக்கே அது இலாபம். மற்றவர்கள் மாத நடுவில் மீற்றரைப் பாருங்கள். 30 அலகுக்கு மேல் ஓடியிருந்தால் அயன்பெட்டியைச் சற்று ஒதுக்கிவையுங்கள்.